காய்ச்சிய கிருமி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சோப்பு வீட்டுல இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் பிறகும் உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்பார்கள். எனக்கு அவர் அத்தான். அவரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் மரியாதையாக ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அவரை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது எரிச்சல், அதற்கு அடுத்தது குமட்டல். அந்தச் சோப்பு வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

கைக்கு ஒரு துண்டு, முகத்துக்கு ஒரு துண்டு, காலுக்கு ஒரு துண்டு வைத்திருப்பார். கதவின் தாழ்ப்பாளைத் தொடுவதற்கென்றே தனியாக ஒரு துணி ஆணியில் தொங்கும். கை கழுவுவார், குழாயை மூடுவார், குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கழுவுவார். ஒருநாள் அவர் சோப்பையே கழுவி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். "நீ தொட்டியே" என்றார். விரல்கள் எப்போதும் சிவந்து வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளில் மருந்து தடவுவார், மருந்து தடவின கையைக் கழுவுவார்.

குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுவார். சரி, நல்ல பழக்கம். காய்ச்சின தண்ணீரை ஊற்றி வைக்கிற பானையையும் காய்ச்சுவார். பால் மூன்று முறை பொங்கி அடங்கினால்தான் அவருக்குப் பால். எங்கள் அம்மா அக்காவுக்குக் கொடுத்த பால் பாத்திரம் ஒன்று இருந்தது, ஒரு பக்கம் கைப்பிடி வளைந்தது. பாவம், அது பட்ட பாடு அடுப்புக்குத்தான் தெரியும்.

இந்த மனிதரின் வீட்டுப் பின்னறையில் நான் குடியிருந்தேன். எனக்கு என்ன வேலை என்று கேட்டீர்களானால், கிருமி வளர்க்கிற வேலை.

மண் ஆய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்ணிலிருந்து நல்லது செய்கிற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊட்டம் கொடுத்து, பஞ்சால் வாயடைத்து, குலுக்குகிற மெஷினில் வைத்து வளர்ப்போம். அது பெருகினால் தண்ணீர் கலங்கும், புளித்த வாடை வரும். சில ரகம் சளி போல வழவழவென்று நூல் இழுக்கும். பழகிப் போகும் என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள். பொய். இன்னும் காலையில் கதவைத் திறந்ததும் ஒரு முறை மூக்கைப் பொத்தத்தான் செய்கிறேன். வேலை முடிந்து வந்தால் அத்தான் என்னைக் கொல்லைப் பக்கமாகத்தான் விடுவார். குளித்த பிறகுதான் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு கிடைக்கும்.

"உன் தங்கச்சி சம்பளம் வாங்கறதே நோயை வளர்க்கத்தானா?" என்று அக்காவிடம் கேட்பார்.

"உங்க வயித்துக்குள்ள அவ வளக்கறதை விட அதிகமா இருக்காம். நீங்க எப்படிக் கழுவுவீங்க?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இவர் ஏன் இப்படி ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம் சேரும். சின்ன வயதிலேயே ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனவர். கத்தி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுக்கிற அறை அவருடையது. சன்னல் இல்லாத அறை. ஆவியில் சுவரெல்லாம் நனைந்து சுண்ணாம்பு உதிரும். அந்த அறையில் நின்று நின்றே அவருடைய வாலிபம் வெந்து போனது. அவர் வேலையில் இருக்கும்போதே அவருடைய தங்கைக்கு வீட்டில் பிரசவம் ஆனது. பார்த்தவள் கை கழுவாமல் பார்த்தாள். குழந்தை பிழைத்தது, தங்கை காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். "என் கையில ஒரு தவலை கொதிதண்ணி இருந்துச்சு. என் வீட்டுக்கு இல்ல" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை.

தூக்கி எறிகிற ஊசிகள் வந்ததும் ஆஸ்பத்திரியில் அந்த அறையைப் பூட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் அப்பாவின் வயல் அக்காவின் பங்குக்கு வந்தது. அத்தான் விவசாயி ஆனார். ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு நாற்று நட்ட முதல் ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வரப்பில் நிற்பார்கள். ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. களை ஒன்று விடமாட்டார், வரப்பைச் செதுக்கி மழித்து வைத்திருப்பார். சில போகம் நன்றாகவே விளைந்தது.

பிறகு பக்கத்து நிலத்துக்கு இறால் பண்ணை வந்தது.

இறால் குளத்தில் உப்புத் தண்ணீர் நிற்கும். தீனியும் கழிவும் செத்த இறாலும் அதிலேயே அழுகும். அவ்வப்போது அதைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிடுவதற்கு எங்கள் வயலுக்கும் அவர்கள் குளத்துக்கும் நடுவே ஓர் ஓடை. தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் போல ஒரு படலம். வெயில் ஏறினால் அதிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெடிக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். அத்தான் அதற்கு 'நரகம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்.

வயலில் உப்பு பூக்க ஆரம்பித்தது. தண்ணீர் வற்றினால் மண் மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். நெற்பயிர் நுனி கருகி, அடி மஞ்சளாகி, அப்படியே உட்கார்ந்துவிடும். ஓடையை ஒட்டிய பாதியில்தான் அதிகம். ஓடை பக்கத்தில் இருந்தால் உப்பு ஊறத்தான் செய்யும் என்று நாங்களும் நினைத்தோம். இரண்டு போகம் தீய்ந்து போனது. பண்ணை முதலாளி வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்ன நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து, வயலைக் குத்தகைக்குக் கேட்டார். அத்தானுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "மனுஷன் எவ்வளவு சுத்தம் பாரு!" என்றார்.

அக்காவுக்குத் தெரியும், ஒரு முறை அந்த மண்ணில் குளம் வெட்டி உப்புத் தண்ணீரை நிறுத்தினால் அதற்கப்புறம் அது வயல் இல்லை. அப்பா கால் பதித்த நிலம் என்றெல்லாம் அவள் பேசுகிறவள் இல்லை. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, நெல்லுதான் தெரியும். ஆனா வெறும் உப்பைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள் உக்காருறது? இந்தத் தடவையும் கருகிச்சுன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றாள். சொல்லும்போது அழவில்லை, முறைத்தாள். அக்கா முறைத்தால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

அதனால்தான் நான் குடுவையோடு உள்ளே நுழைந்தேன்.

அந்த நரக ஓடையின் கரையில் ஒரு களைப் பூண்டு முளைத்திருக்கும். சதைப்பற்றான இலை, கடித்தால் உப்புக் கரிக்கும். சுற்றிலும் எல்லாம் செத்தாலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அதன் வேரிலிருந்துதான் எங்கள் கூடத்தில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தோம். அது உப்பைத் தின்று தீர்க்கிற மாயமெல்லாம் செய்யாது. வேரைச் சுற்றித் தன் சளியால் உறை போட்டு, உப்பைக் கொஞ்சம் வெளியே நிறுத்தும். உப்பில் மாட்டின பயிர் பயந்துபோய் வளர்ச்சியை நிறுத்தும் இல்லையா, அந்தப் பயத்தையும் தணிக்கும். நாற்று நிமிர்ந்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி. தொட்டிகளில் நன்றாகவே வேலை செய்திருந்தது.

அதை எங்கே எடுத்தோம் என்று அத்தானிடம் நான் மூச்சு விடவில்லை. பாட்டிலில் ஊற்றி, 'நன்மை செய்யும் கிருமி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக் கொண்டுவந்தேன். ஆறின வடிகஞ்சியில் கலந்து விதை நெல்லில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும் என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கே எனக்கு வெளியூரில் பயிற்சி, கிளம்பிவிட்டேன். அக்கா காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அத்தான்தான் எல்லாம் செய்தார். சொன்னது சொன்னபடி பிசறினேன், நிழலில் உலர்த்தினேன், கை உளைகிற மட்டும் தேய்த்தேன் என்று போனில் விவரமாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

நாற்று முளைத்தது. நட்டார்கள். கருகியது. ஓடைப் பக்கத்துப் பாதி முழுக்க, தீ வைத்த மாதிரி.

நான் வரப்பில் நின்று பார்த்தேன். செத்த பயிர் சேற்றில் அழுகி ஒரு வாடை வரும், ஊறின வைக்கோலும் சாக்கடையும் சேர்ந்த வாடை. எனக்கு அந்த வாடையை விட அத்தானின் முகம்தான் தாங்கவில்லை. முகத்தில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் 'நான் அப்பவே நினைச்சேன்' என்கிற ஒரு திருப்தியும் இருந்தது.

"கிருமியைப் போட்டுப் பயிரைப் பொழைக்க வைக்கப் போறியாம். கிருமி என்னைக்கும்மா பொழைக்க வச்சிருக்கு?" என்றார்.

என் கூடத்து அதிகாரி, அந்த ரகம் குடுவையிலேயே வளர்ந்து வளர்ந்து சோம்பேறியாகியிருக்கும், புதிதாக வேர் கொண்டுவா என்றார். அக்கா கையெழுத்துப் போட முதலாளியை வரச் சொல்லிவிட்டாள். பயனில்லை என்று தெரிந்தும், ஒரு வீம்புக்கு, மண்வெட்டியும் பையுமாக ஓடைக்குப் போனேன். கரையில் பூண்டைப் பிடித்து இழுத்தபோது கறுப்புத் தண்ணீருக்குள் ஏதோ மினுங்கியது. மண்வெட்டியால் நெம்பினேன். வளைந்த கைப்பிடி ஒன்று மேலே வந்தது.

அக்காவின் பால் பாத்திரம். அவள் அதை ஒன்றரை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவைச் சந்தேகப்பட்டு, அந்த அம்மா கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது கூட நடந்தது. கைக்கு எட்டின வரைக்கும் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே அடியில் பழுப்பாகத் தீய்ந்து ஓர் ஆடை ஒட்டியிருந்தது. சேற்று நாற்றத்தையும் தாண்டி எனக்கு அந்த வாடை தெரிந்தது. கூடத்தில் பழைய குடுவைகளைத் தூக்கி எறிவதற்கு முன்னால் பெரிய குக்கரில் போட்டு அவிப்போம். உள்ளே இருக்கிற பாக்டீரியா எல்லாம் சாவதற்காக. அவித்து மூடியைத் திறந்தால் வருகிற வாடை அது.

பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தான் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் குடுத்த பாட்டிலை என்ன பண்ணீங்க?"

"பிசறினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன? காய்ச்சினேன்."

"காய்ச்சினீங்களா?"

"மூணு கொதி விட்டேன். நல்லா ஆற வச்சுத்தான் பிசறினேன். நீதான எழுதியிருந்த, கிருமின்னு! காய்ச்சாம எப்படித் தொடுறது? நாளைக்கு அந்த நெல்லைத்தான நாம சாப்பிடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, கடைசியில் இரண்டும் இல்லாமல் அருவருப்புதான் நின்றது. ஒரு போகம், அக்காவின் நிலம், என் இரண்டு வருட வேலை எல்லாம் ஒரு பால் பாத்திரத்தில் வெந்து போயிருக்கிறது. அதையும் இந்த மனிதர் பொறுப்பாகச் செய்திருக்கிறார். சோம்பலில் கெடுத்திருந்தால் கூட மன்னித்திருப்பேன்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"என் பாத்திரம் எங்க?"

"அதுல... அதுக்கப்புறம் எப்படிப் பால் காய்ச்சுறது? அதான்..."

"அதான்?"

"நரகத்துல போட்டுட்டேன்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, பாலைக் காய்ச்சுறீங்க. சரி. ராத்திரி அதுக்கு ஒரு சொட்டு உறை ஊத்துறேன்ல, அந்த மோரையும் காய்ச்சித்தான் ஊத்துவீங்களா?"

"அதைக் காய்ச்சினா எப்படித் தயிர் தோயும்?"

"ஏன் தோயாது?"

திரும்பி என்னைப் பார்த்தார். நானும் விடவில்லை. "தயிரும் கிருமிதான் அத்தான். பிறந்ததுலேர்ந்து சாப்பிடுறீங்க. ஒரு கரண்டியில கோடிக்கணக்குல" என்றேன்.

அவர் முகம் வெளுத்ததை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் தயிர்ப் பக்கம் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அக்கா சிரிக்கவில்லை.

"அவ குடுத்தது உறை. நீங்க அதைக் கொதிக்க வச்சுக் கொன்னுட்டு, செத்ததைப் பூசி விதைச்சிருக்கீங்க. எழுந்திரிங்க. என் பாத்திரத்தை நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."

"அந்த ஓடையிலயா?"

"போட்டவங்கதான் எடுக்கணும்."

அவர் பூட்ஸைத் தேடினார். அக்கா அதைத் தன் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். நான் அதுவரை அக்காவை அவ்வளவு கொடுமைக்காரியாகப் பார்த்ததில்லை, அவ்வளவு பிடித்ததும் இல்லை.

அத்தான் வெறுங்காலோடு ஓடைக்குள் இறங்கியதை நான் கரையில் நின்று பார்த்தேன். முதல் அடியில் கணுக்கால், அடுத்த அடியில் முழங்கால். சேறு காலைக் கவ்விக்கொண்டு சப்பென்று சத்தம் போட்டது. கொப்புளங்கள் அவரைச் சுற்றி வெடித்தன. அவர் வாந்தி எடுத்தார், அதையும் ஓடையிலேயே எடுத்தார். நல்லவேளையாக மூக்கில் கட்ட அவரிடம் துண்டு இல்லை. இரண்டு கையும் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார்.

"ஏம்மா, இங்க என்னமோ இருக்கு."

"பாத்திரமா?"

"இல்ல. உருண்டையா. நீளமா போவுது. குழாய்."

அவர் அதைத் தடவிக்கொண்டே எங்கள் வரப்பு வரைக்கும் வந்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வரப்பைத் துளைத்து, எங்கள் வயலுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போயிருந்தது. வயல் பக்கத்து வாயைப் புல் மறைத்திருந்தது. பண்ணையில் குளத்தைத் திறந்துவிடும்போதெல்லாம் ஓடை நிறையும். நிறைந்ததும் அந்தத் தண்ணீர் எங்கள் பயிரின் காலடியில் வந்து கொட்டும். உப்பு தானாக ஊறுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊற்றியிருக்கிறார்கள். இத்தனை நாள் இதை யாருமே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் மூக்கோடு சேர்த்துக் கண்ணையும் மூடிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அத்தான் இடுப்பு வரைக்கும் கறுப்பாக நின்றார். கையில் பால் பாத்திரம். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். அது அவர் காதில் விழவில்லை.

"நாற்காலியைத் தொடச்சிட்டு உக்காந்தான்" என்றார். "என் வீட்டு நாற்காலியை அவன் தொடச்சிட்டு உக்காந்தான்." பாத்திரத்தைக் கரையில் ஓங்கி வைத்தார். அது சேற்றின் அருவருப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு காலமாக அத்தான் ஆள் மேலும் பொருள் மேலும் பட்டுவந்த அருவருப்பெல்லாம் அன்றைக்குத்தான் சரியான விலாசம் போய்ச் சேர்ந்தது.

அக்கா முதலாளியை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னாள். குழாயை அறுத்து எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்தோம். வாய்க்காலில் நல்ல தண்ணீர் வந்த நாட்களில் வயலில் நிறுத்தி நிறுத்தி வடித்தோம். உப்பில் பாதி போனது, பாதி போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பாதிக்குத்தான் எங்கள் ஆள். புது வேரிலிருந்து பிரித்துப் புதிதாக வளர்த்தேன். இந்த முறை பாட்டிலில் 'உறை' என்று மட்டும் எழுதினேன்.

இந்த முறை நாற்றின் வேரைக் கலவையில் முக்கி நட வேண்டும். அதாவது வாளிக்குள் கையை விட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன், போதும் தண்டனை என்று. அத்தான் வேண்டாம் என்றார். வெடித்த விரல்களைக் கலவைக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது நுனியிலிருந்து நூல் நூலாக இழுத்தது. "இந்த வழவழப்புதான் வேலை செய்யுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கருமம்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த நாற்று முடியை முக்கினார்.

எனக்குக் கூடத்துப் பழக்கம், ஒரு வரிசையை மட்டும் எதிலும் முக்காமல் நடச் சொன்னேன், ஒப்பிட்டுப் பார்க்க. சில நாளில் வித்தியாசம் தெரிந்தது. முக்கின நாற்றிலும் நுனி கொஞ்சம் கருகத்தான் செய்தது. ஆனால் நடுவிலிருந்து புது இலை வந்தது, பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாகப் புது வேர் இருந்தது. அந்த ஒற்றை வரிசை மஞ்சளாகிச் சுருண்டது. நான் ஆசையாகப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பினேன். அடுத்த முறை போய்ப் பார்த்தால் அந்த வரிசையிலும் பச்சை.

"அத்தான், அந்த வரிசைக்கு என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் ஊத்தினேன்."

"ஊத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எல்லாரையும் உக்கார வச்சுச் சாப்பாடு போட்டுட்டு, ஒருத்தனை மட்டும் எப்படிப் பட்டினி போடுறது?"

என் ஒப்பீடு நாசம். முன்பு சொல்லாமல் காய்ச்சினார், இப்போது சொல்லாமல் ஊற்றுகிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடியும் கலவையை வேர்ப் பக்கம் ஊற்றுகிற அன்றைக்குத்தான் பண்ணை முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ, தூரத்திலிருந்தே சென்ட் வாசனை. வரப்பில் கால் பதியாமல் பார்த்துப் பார்த்து நடந்தார். வாளியை நெருங்கியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"என்னங்க இது, இவ்வளவு நாத்தம்?"

அத்தான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூக்கைப் பொத்தின அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தனக்குத் தெரிந்த யாரையோ அடையாளம் கண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"நிலம் தர்றதா இல்லைங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு நாள் பச்சையா இருக்கறதைப் பாத்து ஏமாறாதீங்கம்மா. உப்பு மண்ணு. கீழேர்ந்து ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

"கீழேர்ந்தா?" என்றார் அத்தான். வரப்பில் சாத்தி வைத்திருந்த குழாய்த் துண்டை எடுத்து வந்து, அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். உள்ளேயிருந்து கறுப்பாகக் கொஞ்சம் வழிந்தது. முதலாளி காலை நகர்த்திக்கொண்டார். முகத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. எனக்கு அங்கேதான் உண்மையில் குமட்டியது. கூடத்திலும் ஓடையிலும் வராத குமட்டல்.

"ஓ, இதுவா! நம்ம பசங்க தெரியாம போட்டிருப்பாங்க. பக்கத்து பக்கத்துல இருக்கோம், இதையெல்லாம் மனசுல வச்சுக்கலாமா?" என்று சிரித்தபடி கையை நீட்டினார். நீட்டின பிறகுதான் அத்தானின் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தார். ஆனால் நீட்டின கையை எப்படி மடக்குவது?

அத்தான் தோளில் கிடந்த துண்டில் கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகவே கொடுத்தார். "சும்மா விட்டா குழாய் மறுபடியும் வரும். அடுத்த தடவை குழாயோட உங்க வாசலுக்கு வருவேன், ஊரையும் கூட்டிக்கிட்டு" என்றார். குரல் உயரவில்லை. முதலாளி கிளம்பினார். வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

வண்டி போனதும் அத்தான் நேராக மோட்டார் குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்தார். அவ்வளவு நாள் வாளியில் கை விட்டுவிட்டு வெறும் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தவர், முழங்கை வரை நுரை போட்டுத் தேய்த்தார். கழுவினார். மறுபடி நுரை போட்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அக்கா அவரைத் தடுக்கவில்லை. நானும் கேலி செய்யவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்கு அவர் கழுவுவது நியாயமாகப் பட்டது.

கழுவி முடித்து வந்து, வாளிக்குள் கையை விடப் போனார். நான் அலறிவிட்டேன்.

"அத்தான்! கையில சோப்பு! அது செத்துரும்!"

அவர் கையை வெளியிலேயே நிறுத்திக்கொண்டார். திரும்பிக் குழாயடிக்குப் போய், வெறும் தண்ணீரில் அலசினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி அலசினார். பிறகு வந்து இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாரும்மா. அது தொடுற அளவுக்குச் சுத்தமா இருக்கா?"